நீவா ஓடை: மறுநாள் எடுத்த தண்ணீர் போதாது

வணக்கம் ஐயா. சித்தூரில் உங்கள் தெரு ஓடையான நீவா முதல் மழையில் நுரைத்து நாறுகிறது, மறுநாள் எடுத்த தண்ணீரில் மட்டும் குறையில்லை என்று சோதனை முடிவு வந்தது என எழுதியிருந்தீர்கள். மறுநாள் எடுத்ததுதான் பிழை. சாலை எண்ணெயையும் சாணத்தையும் பெரும்பாலும் முதல் அரை மணி நேர வெள்ளமே அடித்துப் போய்விடும். அப்போதே புட்டியை நிரப்புங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று: மூன்று நாள் மழை இல்லாதபோது ஓடையில் வந்து திறக்கும் மழைநீர்க் கால்வாய் வாய்களை நடந்து பாருங்கள். அப்போதும் நீர் வழிந்தால் எங்கோ கழிவுநீர்க் குழாயைச் சேர்த்திருக்கிறார்கள் என்றே சந்தேகிக்க வேண்டும். படம் எடுத்து, தேதியோடு மாநகராட்சியில் மனு கொடுங்கள்.

நீரில் கரைந்த ஆக்சிஜனை ஓடைக்கரையிலேயே விடியுமுன் அளக்க வேண்டும். குளிக்கத் தகுந்த நீருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது தேவை. நீவா பொன்னையாறாகிப் பாலாற்றில்தான் கலக்கிறது. ஆற்றோட்டத்தில் கீழே இருக்கும் எங்களுக்கும் அது குடிநீர், ஐயா.