பட்டம் ஒரு பாடத்துல, எடுக்கறது வேற பாடம்

வணக்கம் அக்கா,

உங்க கட்டுரைகளை மூணு வருஷமா படிக்கிறேன், எழுதறது இதுதான் முதல் தடவை. எம்.ஏ. பொருளாதாரத்துக்கு ரெண்டு யுனிவர்சிட்டில இடம் கிடைச்சிருக்கு. ரெண்டு இடத்தோட ஃபேகல்டி லிஸ்ட்டையும் எடுத்து வச்சு ராத்திரி முழுக்க படிச்சேன். முதல் இடத்துல எல்லாரும் பொருளாதாரத்துலயே பிஎச்டி, எல்லாமே பெரிய பெரிய இடம், பேப்பர் லிஸ்ட் பக்கம் பக்கமா போகுது, ஆனா கற்பித்தல் ஆர்வம்ங்கற இடத்துல பாதிப் பேருக்கு "பொருளாதாரம்"னு ஒரே வார்த்தை. ரெண்டாவது இடத்துல ஒருத்தர் பிஎச்டி அரசியல் அறிவியல்ல, ஒருத்தர் கணிதத்துல, இன்னொரு மேடம் உளவியல்ல. ஆனா அவங்க என்னென்ன கோர்ஸ் எடுக்கறாங்க, எதை எடுக்கப் பிடிக்கும்னு விலாவாரியா போட்டிருக்காங்க. அந்த அரசியல் அறிவியல்காரர் "தண்ணி, காடு மாதிரி பொது வளங்களோட பொருளாதாரம், முதல் செமஸ்டர் மைக்ரோ"ன்னு எழுதியிருக்கார். எனக்கு படிக்கணும்னு ஆசையே அந்த ஏரியாதான். அப்பா "பொருளாதாரமே படிக்காதவங்க கிட்ட போய் பொருளாதாரம் என்னத்தடா படிப்ப"ன்னு கேக்கறார். எனக்கும் பதில் தெரியல. நீங்க என்ன சொல்றீங்க? பெயர் போட வேண்டாம் அக்கா.

அன்புள்ள தம்பி,

ஃபேகல்டி லிஸ்ட்டை வரிவரியா படிச்சிருக்கீங்களே, அதுவே எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கு. ரேங்க் பார்ப்பாங்க, ஹாஸ்டல் பார்ப்பாங்க, ப்ளேஸ்மென்ட் பார்ப்பாங்க, ரெண்டு வருஷம் தன் முன்னாடி நின்னு பேசப்போற ஆள் யாருன்னு பார்க்கறவங்க ரொம்ப கம்மி.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி, அதை அப்படியே தள்ளிட வேண்டாம். ஆனா அந்தக் கேள்விக்கு பொருளாதாரத்தோட வரலாறே ஒரு பதில் வச்சிருக்கு. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசுன்னு ஒண்ணை முதல்முதலா 1969ல ரெண்டு பேருக்கு குடுத்தாங்க, அதுல ஒருத்தர் யான் டின்பெர்கன். அவர் நெதர்லாந்துல லைடன் யுனிவர்சிட்டில கணிதமும் இயற்பியலும் படிச்சவர், 1929ல முடிச்ச பிஎச்டிக்கு கைடா இருந்தவர் எஹ்ரன்ஃபெஸ்ட்ங்கற இயற்பியல் பேராசிரியர். அந்த ஆள்தான் 1936ல ஒரு நாட்டோட மொத்தப் பொருளாதாரத்தையும் சமன்பாடுகளா எழுதிப் பார்த்து நெதர்லாந்துக்கு ஒரு மாடல் பண்ணினார். 1978ல வாங்கின ஹெர்பர்ட் சைமன் பிஎச்டி பண்ணது அரசியல் அறிவியல்ல, அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கான ட்யூரிங் விருதையும் வாங்கிட்டார். 2002ல வாங்கின டேனியல் கானெமன் உளவியல்காரர்.

ஆனா உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது எலினர் ஆஸ்ட்ரம் தான். அவங்க ஸ்கூல்ல படிக்கறப்ப பொண்ணுக்கு எதுக்கு ட்ரிக்னாமெட்ரின்னு எடுக்க விடல, அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல கலிபோர்னியா யுனிவர்சிட்டில பொருளாதார பிஎச்டிக்கு போய் நின்னா கணிதம் போதாதுன்னு சேர்த்துக்கல. சரின்னு அரசியல் அறிவியல்ல சேர்ந்தாங்க. தெற்கு கலிபோர்னியால ஒரு நிலத்தடி நீர்ப்படுகை, எல்லாரும் போட்டி போட்டு பம்ப் பண்ணி கடல் தண்ணி உள்ள ஏற ஆரம்பிச்சிருச்சு, அந்த தண்ணியை எடுக்கறவங்களே ஒண்ணா உக்காந்து எப்படி அதுக்கு விதி போட்டாங்கங்கறதுதான் அவங்க தீசிஸ், 1965ல முடிச்சாங்க. அப்புறம் இண்டியானா யுனிவர்சிட்டில இருந்துட்டு மீன்பிடிக்கறவங்க, வாய்க்கால் பாசனம் பண்றவங்க, காட்டை நம்பி இருக்கறவங்கன்னு பொதுச் சொத்தை ஜனங்க எப்படி பாத்துக்கறாங்கன்னு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணாங்க. 2009ல பொருளாதாரத்துக்கே நோபல் குடுத்தாங்க, அந்தப் பரிசை வாங்கின முதல் பெண் அவங்கதான். எந்தப் பாடத்துல இடம் இல்லைன்னு சொன்னாங்களோ அதே பாடத்துக்கு. நீங்க படிக்க ஆசைப்படற பொது வளங்கள்ங்கற ஏரியாவோட அஸ்திவாரத்துல பெரும்பங்கு இவங்க போட்டதுதான் தம்பி, அதனால அந்த அரசியல் அறிவியல்காரர் வழி தவறி பொருளாதாரத் துறைக்குள்ள வந்துட்டார்னு நினைக்காதீங்க, அந்தப் பாதை ஏற்கனவே போட்ட பாதை.

அதுக்காக வேற பாடத்துல இருந்து வந்தாலே நல்ல ஆசிரியர்னு நான் சொல்லவே மாட்டேன். வந்தவங்க வந்த இடத்தோட அடிப்படையை உக்காந்து கத்துக்கிட்டாங்களாங்கறதுதான் விஷயம். அதை லிஸ்ட்லயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பிஎச்டி முடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் எழுதின பேப்பர் எந்தத் துறை ஜர்னல்ல வந்திருக்கு, ஒரே கோர்ஸை தொடர்ந்து எடுக்கறாரா இல்ல ஒவ்வொரு செமஸ்டருக்கும் வேற வேற கோர்ஸை தலையில கட்டிட்டு இருக்காங்களா, இதெல்லாம் பாருங்க. முக்கியமா மைக்ரோ (தனி ஆளும் கம்பெனியும் எப்படி முடிவெடுக்கறாங்கங்கறது), மேக்ரோ (நாட்டோட மொத்தப் பொருளாதாரம்), எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தகவலை புள்ளியியல் வச்சு அலசறது) மூணையும் யார் எடுக்கறாங்கன்னு பாருங்க, இந்த மூணுலயும் ஆள் இல்லாம வெறும் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம் மட்டும் அழகா அடுக்கி வச்சிருந்தா நான் அந்த இடத்துக்கு போகச் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, பிஎச்டி எதுல பண்ணாங்கங்கறது ஒரு ஆளோட வாழ்க்கைல நாலஞ்சு வருஷத்தோட கதை அவ்வளவுதான். இருபத்தஞ்சு, முப்பது வயசுல ஒரு சின்னக் கேள்வியை எடுத்து அதுக்கு ஆழமா பதில் தேடினதுக்கான சான்று அது, அதுல ஆராய்ச்சி பண்ணத்தான் பயிற்சி குடுக்கறாங்க, ஒரு கிளாஸ் எப்படி எடுக்கறதுங்கறது பல இடத்துல அந்தப் பயிற்சியில பேருக்குத்தான் இருக்கும். நம்ம வானியற்பியல் மேதை எஸ். சந்திரசேகர் 1933ல கேம்பிரிட்ஜ்ல பிஎச்டி முடிச்சார், 1937ல சிகாகோ போனார், கடைசி வரைக்கும் அங்கதான். முதல்ல நட்சத்திரத்தோட உள்ளமைப்பு, அப்புறம் நட்சத்திரக் கூட்டங்களோட இயக்கம், அப்புறம் கதிர்வீச்சு எப்படி கடந்து போகுதுங்கறது, அப்புறம் பாய்மங்கள், அப்புறம் பொதுச் சார்பியல், கருந்துளைன்னு கிட்டத்தட்ட பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா ஒண்ணை ஆரம்பத்துல இருந்து கத்துக்கிட்டார். அவரோட தீசிஸ் தலைப்பை மட்டும் பார்த்துட்டு 1975ல ஒரு மாணவன் இவர் கருந்துளை பத்தி என்ன சொல்லித்தரப் போறார்னு கேட்டிருந்தா எவ்வளவு பெரிய நஷ்டம் யோசிங்க. அதனால பட்டத்தைப் பார்க்கறப்ப பக்கத்துலயே வருஷத்தையும் பாருங்க, பதினஞ்சு வருஷம் முன்னாடி வாங்கின பட்டம்னா இப்ப அவர் எங்க இருக்கார்னு அது சொல்லாது.

லிஸ்ட்ல இருக்கற பெயரும் கிளாஸ்ல வந்து நிக்கற ஆளும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லைங்கறதும் தெரிஞ்சுக்கணும். எம்மி நோய்தர்ங்கற கணித மேதை 1915ல ஜெர்மனில கோட்டிங்கன் யுனிவர்சிட்டிக்கு போனப்ப, பெண்ணுங்கற ஒரே காரணத்துக்காக அவங்களுக்கு கிளாஸ் எடுக்கற அதிகாரம் குடுக்க ஃபேகல்டில பலர் ஒத்துக்கல. 1919ல அனுமதி கிடைக்கற வரைக்கும் கோர்ஸ் அறிவிப்புல அங்க இருந்த பெரிய கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட்டோட பெயரைப் போட்டிருக்கும், உள்ள வந்து பாடம் எடுக்கறது நோய்தர், அதுவும் சம்பளம் இல்லாம. இன்னைக்கும் பல டிபார்ட்மென்ட்ல பெரிய பெயருக்கு கீழ இருக்கற கோர்ஸை கெஸ்ட் லெக்சரரோ ஆராய்ச்சி மாணவரோ எடுக்கறது சாதாரணம், அவங்க பெயர் லிஸ்ட்ல வர்றதே இல்லை, இது எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம். ஏன்னா எனக்கு படிப்பையே திறந்து விட்டது அப்படி லிஸ்ட்ல இல்லாத ஒரு ஆள்தான்.

நான் புள்ளியியல் படிச்சப்ப ஒரு பேராசிரியர் இருந்தார், பட்டங்களை வரிசையா எழுதினா ஒரு வரி பத்தாது. நோட்ஸைப் பார்த்து படிப்பார், நாங்க எழுதுவோம். ஒரு நாள் பழுத்துப்போன அந்த நோட்ல ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு சேர்ந்து திரும்பிருச்சு, ஒரு நிரூபணத்தோட நடுவுல இருந்து வேற ஒண்ணோட நடுவுக்கு போயிட்டார், அவருக்கும் தெரியல, எழுதிட்டிருந்த எங்களுக்கும் தெரியல. பரீட்சைக்கு படிக்கறப்பதான் கண்டுபிடிச்சோம்.

அடுத்த செமஸ்டர்ல ஒரு மேடம் வந்தாங்க, விவசாய அறிவியல் படிச்சவங்க, கெஸ்ட் லெக்சரர். முதல் கிளாஸ்ல ஒரு ஸ்கேலை குடுத்து முன்னாடி இருந்த மேஜையோட நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமா அளந்து, யாருக்கும் காட்டாம துண்டுச்சீட்டுல எழுதி மடிச்சுத் தரச் சொன்னாங்க. நாப்பது பேர் அளந்தோம். நாப்பது நம்பரையும் போர்டுல எழுதினாங்க, பாதிக்கு மேல வேற வேற. ஒரு பையன் எழுந்து "மேடம், இதுல எது சரி?"ன்னு கேட்டான். அவங்க சாக்பீஸை அவன் கையில குடுத்து "நீயே வந்து சரியானதை வட்டம் போடு"ன்னாங்க. அவன் போர்டு முன்னாடி நின்னான், கை மேல போச்சு, கீழ வந்துச்சு, எதையும் வட்டம் போட முடியல. அப்பதான் அவங்க பிழைன்னா என்ன, சராசரின்னா என்ன, பரவல்னா என்னன்னு ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷமா ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணது அத்தனையும் அன்னைக்கு அந்த மேஜை மேல வந்து உக்காந்துச்சு.

விவசாயம் படிச்சவங்க புள்ளியியல் எடுக்கறதான்னு எங்க வகுப்புலயும் முணுமுணுத்தோம் தம்பி. பின்னாடிதான் தெரிஞ்சுது, நாங்க படிச்ச புள்ளியியல்ல பாதியை உருவாக்கின ரொனால்ட் ஃபிஷரே 1919ல இருந்து இங்கிலாந்துல ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல உக்காந்து வயல் சோதனைக் கணக்கு போட்டுத்தான் அதைப் பண்ணினார்னு. பின்னாடி அவர் பேராசிரியரானப்ப கூட கேம்பிரிட்ஜ்ல இருந்த பதவி மரபியலுக்கு. அந்த மேடம் சரியான இடத்துல இருந்துதான் வந்திருந்தாங்க, எங்களுக்குத்தான் தெரியல.

அப்புறம் அந்த கற்பித்தல் ஆர்வம்ங்கற வரி. நானும் ஏழு வருஷம் பாடம் எடுத்தவ, அந்த வரியை எழுதியிருக்கேன். ஆராய்ச்சி ஆர்வத்தை எல்லாரும் கவனமா எழுதுவாங்க, ப்ரமோஷன், ஃபண்டிங் எல்லாம் அதை வச்சுத்தான். கற்பித்தல் ஆர்வத்தை பெரும்பாலும் யாரும் கேள்வி கேக்கறது இல்ல, அதனால அவசரமா ஒரு வார்த்தை போட்டுட்டு போயிடலாம். அப்படி இருந்தும் ஒருத்தர் அங்க நாலு வரி எழுதி, அதுலயும் முதல் செமஸ்டர் பேப்பரை சேர்த்திருந்தார்னா நான் அதை ரொம்ப மதிப்பேன். தன்னோட ஆராய்ச்சிக்கு பக்கத்துல இருக்கற எலெக்டிவ் எடுக்கத்தான் எல்லாருக்கும் பிடிக்கும், புதுசா வர்ற பசங்களுக்கு அடிப்படையை எடுக்கறேன்னு கேட்டு வாங்கறதுக்கு வேற ஒரு மனசு வேணும். ஒரே வார்த்தை போட்டவங்க எல்லாரும் மோசம்னு அர்த்தம் இல்ல, லிஸ்ட்டை ஆஃபீஸ்ல யாராவது நிரப்பியிருக்கலாம், அஞ்சு வருஷமா அப்டேட் பண்ணாம கிடக்கலாம்.

அதனால நேரா கேட்டுருங்க. ரெண்டு இடத்துலயும் ஒவ்வொருத்தருக்கு ஒரு சின்ன மெயில் போடுங்க, போன வருஷ சிலபஸும் ரீடிங் லிஸ்ட்டும் கிடைக்குமா, பொது வளங்கள் பத்தி படிக்க வர்ற மாணவன் முதல் வருஷம் எதை பலமா பிடிச்சுக்கணும்னு கேளுங்க, அஞ்சு வரிக்கு மேல வேண்டாம். அதோட ரெண்டு இடத்துலயும் இப்ப ரெண்டாம் வருஷம் படிக்கற யாரையாவது பிடிச்சு, லிஸ்ட்ல இருக்கறவங்கதான் கிளாஸுக்கு வர்றாங்களா, சந்தேகம் கேட்டா ரூம்ல உக்கார வச்சு பேசறாங்களான்னு விசாரிங்க. முதல் இடத்துல இருக்கறவங்க சிலபஸ் பிரமாதமா இருந்து நல்லபடியா பதிலும் வந்தா கண்டிப்பா அங்கயும் யோசிக்கலாம், பொருளாதாரத்துலயே ஊறினவங்க கிட்ட கணக்கு பலமா கிடைக்கும், அதை நான் சின்னதா நினைக்கல. ஆனா இப்ப கையில இருக்கறதை மட்டும் வச்சு சொல்லச் சொன்னா என் மனசு ரெண்டாவது இடத்துக்குத்தான் போகுது, மேல சொன்ன அந்த மூணு பேப்பருக்கும் அங்க ஆள் இருந்தா.

அப்பாகிட்ட சண்டை போடாதீங்க. ஆஸ்ட்ரம் கதையை சொல்லுங்க, மெயிலுக்கு வர்ற பதிலை அவரையும் உக்கார வச்சு படிச்சுக் காட்டுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க, காத்துட்டிருப்பேன்.

அன்புடன்,
அக்கா