‘இலேசான வேலை’ என்றால் என்ன வேலை? - வாசகர் கேள்வி பதில்

சுன்னாகத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். சீமெந்து மூட்டை இறக்கும்போது நாரி பிடித்து ஒன்றரை மாதம் லீவில் இருந்த பொடியன் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறான். டொக்டர் ‘இலேசான வேலை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். காசு மேசையில் இருத்தினால் போதும்தானே?

போதாது. நாரி நோகிறவரை நாள் முழுக்க ஸ்டூலில் இருத்துவதுதான் கடைகளில் அதிகம் நடக்கிற பிழை. குனிந்தபடி நெடுநேரம் இருந்தால் முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி இறுகி, பின்னேரம் எழும்பவே கஷ்டப்படுவார். சாய்மானம் உள்ள கதிரை கொடுங்கள். அரைமணிக்கு ஒருதரம் எழும்பி நாலு அடி நடக்கட்டும்.

‘இலேசான வேலை’ என்ற இரண்டு சொல்லை வைத்து வேலை பிரிக்க முடியாது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அவர் டொக்டரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்கட்டும்: எத்தனை கிலோ வரை தூக்கலாம், எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்கலாம், குனிந்து திரும்பலாமா, மோட்டார் சைக்கிள் ஓடலாமா, திரும்ப எப்போது பார்ப்பது. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் ‘இலேசான வேலை’ ஆறு மாதம் இழுபடும், அல்லது ஒரே கிழமையில் எல்லாருக்கும் மறந்துபோகும்.

பிறகு உங்கள் கடையைச் சுற்றிப் பாருங்கள். நாலு லீற்றர் பெயின்ற் ரின் ஐந்தாறு கிலோ வரும். இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட தட்டில் இருந்தால் அதை உடம்போடு அணைத்து எடுக்கலாம். அதே ரின் நிலத்தில் இருந்தால் குனிந்து, திரும்பி எடுக்கவேண்டி வரும். நிறை ஒன்றுதான், நாரிக்கு வரும் பாரம் பல மடங்கு. ஆகவே அவர் கையாளும் சாமானை முதலில் அந்த உயரத்துக்கு மாற்றுங்கள். காலையில் ஷட்டர் இழுப்பதையும் வேறொருவரிடம் கொடுங்கள். அதை யாரும் வேலையாகவே கணக்கெடுப்பதில்லை, நாரி கணக்கெடுக்கும்.

“ரெண்டு பேராப் பிடிச்சா மூட்டையைத் தூக்கலாம்” என்று சொல்லுவார்கள். இருவர் சேர்ந்து தூக்கும்போது இருவரின் பலத்தையும் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எடுக்கவேண்டும். நல்ல சுகமாக இருக்கிற ஆணுக்கே, வசதியான உயரத்தில், 25 கிலோதான் பாதுகாப்பான வழிகாட்டி அளவு. இருவருக்கு ஏறத்தாழ 33. மூட்டையோ 50 கிலோ. தள்ளுவண்டில் வாங்குங்கள், மற்றப் பொடியன்களுக்கும் அதுதான் நல்லது.

டொக்டர் சம்மதித்தால் முதல் இரண்டு கிழமை அரைநாள், பிறகு மெல்லக் கூட்டலாம். அரைநாளுக்குச் சம்பளம் எப்படி என்பதைத் திங்கட்கிழமைக்கு முன்னரே பேசி, கொப்பியில் எழுதி, இருவரும் கையெழுத்து வையுங்கள். வேலை செய்தபின் வரும் நோ மறுநாள் காலைக்குள் தணிந்தால் பயமில்லை. தணியாவிட்டால் ஒரு படி இறங்குங்கள். நோவோடு கால் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு விறைத்தாலோ, சலம் போவதில் சிக்கல் வந்தாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

கார்மென்ற்சில் மெசின் ஓட்டுகிறேன். மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை பிளாஸ்டர் போட்டு, இப்போது கழற்றியாயிற்று. சூப்பவைசர் இரக்கப்பட்டு நூல் வெட்டும் வேலை தந்திருக்கிறார். கை முன்னையைவிட நோகிறதே, ஏன்? - அச்சுவேலி வாசகி

எலும்பு பொருந்தினாலும் பிடிபலம் திரும்ப மாதக்கணக்காகும். நூல் வெட்டுவது பார்க்க இலேசு. ஆனால் ஒரு நாளில் அந்தச் சின்னக் கத்தரியை எத்தனை ஆயிரம் தரம் நசுக்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள் தங்கச்சி. தைத்ததைச் சரிபார்ப்பது, அளவு பார்ப்பது, சைஸ் பிரிப்பது போன்ற, இரண்டு கையும் மாறி மாறிப் பாவிக்கும் வேலையைக் கேளுங்கள். அரைமணிக்கு ஒருதரம் வேலை மாறட்டும். மெசினுக்குத் திரும்பும்போது மெல்லிய துணியில் தொடங்குங்கள், டெனிம் பிறகு. முழங்கை மேசை மட்டத்திலும், மணிக்கட்டு மடியாமல் நேராகவும் இருக்கவேண்டும்.

ராகெற்றை, அதாவது ஒரு நாளில் முடிக்கவேண்டிய எண்ணிக்கையை, குறைத்துத் தரச் சொல்லுங்கள். குறைந்த பங்கைப் பக்கத்து மெசின்காரியின் தலையில் கட்டக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், லைனில் மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது. பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் விறைத்தாலோ, கை வீங்கி, தோல் மினுங்கி, தொட்டாலே எரிந்தாலோ கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள்.

கட்டட வேலையில் சாரத்தில் ஏறி நின்றபோது விழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கட்டினார். இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று கடிதம் தந்தால்தான் வேலை என்கிறார். - வட்டுக்கோட்டை வாசகர்

கையெழுத்து வைக்காதீர்கள். வைத்திருந்தாலும் பயப்படவேண்டாம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி, நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தரும் நோய் விபர அட்டை), எக்ஸ்றே, சம்பளச் சிட்டை, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம், விழுந்ததைக் கண்ட இருவரின் பெயர், விழுந்த திகதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் போட்டோக் கொப்பி கொடுங்கள், மூலப்பிரதி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.