கேள்வி – பதில்: அழித்த பிறகும் நிறைந்திருக்கும் வட்டு

கேள்வி: லினக்ஸ் சர்வரில் வட்டு நிரம்பிவிட்டதால், 40 ஜிபி அளவுக்கு வளர்ந்திருந்த லாக் கோப்பு (நிரல் தன் நிகழ்வுகளைப் பதியும் கோப்பு) ஒன்றை ஆர்எம் கட்டளையால் அழித்தேன். அதன் பிறகும் டிஎஃப் கட்டளை, வட்டு 100 சதவீதம் நிறைந்திருப்பதாகவே காட்டுகிறது. டியு கட்டளையின் கூட்டுத்தொகையிலோ அந்த 40 ஜிபி இல்லை. எந்தக் கணக்கை நம்புவது?

பதில்: இரண்டு கணக்கும் சரிதான். டியு, கோப்புறைகளுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்து, பெயருள்ள கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்கிறது. டிஎஃப், எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை, வட்டில் கோப்புகளை நிர்வகிக்கும் கோப்பு முறைமையிடமே கேட்டுச் சொல்கிறது. ஆர்எம் நீக்குவது கோப்பின் பெயரை மட்டுமே. கடைசிப் பெயரும் போய், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடிய பிறகுதான் இடம் விடுபடும். உங்கள் சர்வரில் ஏதோ ஒரு நிரல், பெயரிழந்த அந்தக் கோப்பை இன்னமும் திறந்தே வைத்திருக்கிறது.

அது எது என்று அறிய, திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையுடன், +எல்1 என்ற விருப்பத்தைச் சேர்த்து இயக்குங்கள். அந்த எல் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். பெயர் இல்லாமல் திறந்து கிடக்கும் கோப்புகளும், அவற்றின் அளவும், அவற்றைப் பிடித்திருக்கும் நிரலின் பெயரும் பிஐடி எண்ணும் (இயங்கும் நிரலின் அடையாள எண்) வரிசையாக வரும். அந்தச் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும். முழுக் கணினியையும் மறுதொடக்கம் செய்தாலும் இடம் திரும்பும் என்றாலும், குற்றவாளி எது என்பது தெரியாமலே போய்விடும்.

இனி இப்படிப்பட்ட லாக் கோப்பை அழிக்காமல், ட்ரங்கேட் கட்டளையில் -எஸ் 0 கொடுத்து உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யுங்கள். ஆனால் அந்த நிரல் கோப்பை அப்பெண்ட் முறையில் (எப்போதும் கோப்பின் முடிவில் சேர்த்து எழுதும் முறை) திறந்திருக்காவிட்டால், காலி செய்த பிறகும் பழைய இடத்திலிருந்தே எழுதத் தொடங்கும். அப்போது எல்எஸ் கட்டளை 40 ஜிபி என்றும், டியு சில கேபி என்றும் காட்டும். பயப்பட வேண்டாம், நடுவில் இருப்பது வெறும் ஓட்டை. அது வட்டில் இடம் பிடிப்பதில்லை.

கேள்வி: டிஎஃப் பாதி வட்டு காலி என்கிறது. ஆனாலும் புதிய கோப்பு உருவாக்க இடமில்லை என்ற பிழைச் செய்தி வருகிறதே?

பதில்: டிஎஃப் கட்டளையுடன் -i (சிறிய எழுத்து) விருப்பத்தைக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவேடுகள்) தீர்ந்திருக்கும். இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் அவற்றின் எண்ணிக்கை, வட்டை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. லட்சக்கணக்கில் குவிந்த சின்னஞ்சிறு தற்காலிகக் கோப்புகளை அகற்றுவதே வழி.

கேள்வி: அப்படி அகற்றுவதற்கு, கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையின் -டெலீட் விருப்பம் பாதுகாப்பானதா?

பதில்: எழுதும் வரிசையைப் பொறுத்தது. ஃபைண்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகச் சோதிக்கிறது. -நேம் நிபந்தனைக்கு முன்பாக -டெலீட் எழுதிவிட்டால், பெயரைப் பார்ப்பதற்குள்ளாகவே அகப்பட்டதையெல்லாம் அழித்துவிடும். ஒரு கோப்புறையை முழுதாக இழந்துதான் நான் இதைக் கற்றேன். முதலில் -டெலீட் இருக்க வேண்டிய கடைசி இடத்தில் -பிரிண்ட் எழுதி இயக்கி, வரும் பட்டியலை நிதானமாகப் படித்துவிட்டு, மேல்நோக்கிய அம்புக்குறி விசையால் அதே வரியை மீண்டும் வரவழைத்து, அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள்.