ஊர் சுற்றும் இலவச சைக்கிள் சவாரி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சைக்கிளைத் தொட்டே பல வருஷம் ஆகிறது. கூட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா?

முடியும். இது பந்தயம் இல்லை. மணிக்கு 12, 15 கிலோமீட்டர், பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம். எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வருவார், யாரையும் விட்டுவிடாமல் கூட்டிவருவதுதான் அவர் வேலை. பயப்பட வேண்டியது உரசலுக்குத்தான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உங்கள் முன்சக்கரம் நுழைந்திருக்கும்போது அவர் லேசாக ஒதுங்கினால் போதும், விழுவது நீங்கள்தான்.

கேள்வி: ஹெல்மெட் அவசியமா?

போட்டுக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: எந்த கியர் சைக்கிள் வாங்கலாம்?

கடைக்காரரைக் கேளுங்கள். பிரேக் பிடிக்கிற எந்த சைக்கிளும் சவாரிக்குப் போதும்.

கேள்வி: பாதிக் கூட்டம் தாண்டுவதற்குள் சிக்னல் சிவப்பாகிவிட்டால்?

சான் பிரான்சிஸ்கோவில் 1992 செப்டம்பரில் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் மாஸ்’ என்ற கூட்டு சைக்கிள் சவாரிகளில் சிலர் குறுக்குச் சாலையை மறித்து நின்று கூட்டம் முழுவதையும் அனுப்பிவிடுவார்கள், அதற்கு ‘கார்க்கிங்’ என்று பெயர். பல ஊர்களுக்கும் பரவிய பழக்கம். எனக்கு ஒப்புதல் இல்லை. மறிப்பவர் போலீஸ்காரர் இல்லை, அவசரத்தில் இருக்கும் கார்க்காரர் முன்னால் வெறுமனே நிற்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். சிவப்பு விழுந்தால் நின்றுவிடுங்கள். தாண்டிப் போனவர்கள் அந்தப் பக்கம் ஓரமாகக் காத்திருக்கட்டும்.

கேள்வி: அப்படிக் கூட்டம் உடைந்தால் பின்னால் வருகிறவர்கள் வழி தெரியாமல் முழிப்பார்களே? இரண்டு கார்கள் கூட்டத்துக்கு நடுவில் புகுந்தால் அதுவும் ஆபத்துதானே?

நியாயமான கேள்வி. திருப்பத்துக்குத் திருப்பம் ஒருவரை நிறுத்தி வையுங்கள், கடைசி ஆள் வந்து சேரும்வரை அவர் நகரக் கூடாது. வழியையும் புறப்படும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாமும் டிராஃபிக்தானே, ஏன் பணிந்து போக வேண்டும்?

டிராஃபிக் என்றால் சிவப்புக்கு நிற்பதும் அதில் சேர்த்திதான்.

கேள்வி: ஹெல்மெட் இல்லாமல் வரலாமா?

மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

கேள்வி: வழியில் பஞ்சர் ஆனால்?

உங்கள் டயர் அளவுக்கு ஒரு ட்யூப் கொண்டுவாருங்கள், அளவு டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும். கூட்டத்துக்கு நடுவில் சட்டென்று பிரேக் போடாதீர்கள், கை காட்டி ஓரம் கட்டிய பிறகு இறங்குங்கள். பின்னால் வருகிறவரின் முன்சக்கரத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: திரும்பவும் சிக்னல்தான். முன்னால் போகிறவர் தாண்டிப்போய் நிற்கவே இல்லை என்றால்?

அடுத்த சவாரியில் அவரையே கடைசி ஆளாகப் போடுங்கள்.