அப்ஸ்ட்ராக்டட்லி – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்கின் ஒரு பகுதியை மொழிபெயர்த்துப் பழகுகிறேன். ‘அப்ஸ்ட்ராக்டட்லி ஸ்பீக்கிங்’ (abstractedly speaking) என்று ஒரு வாக்கியம் தொடங்குகிறது. அகராதியில் ‘கவனமின்றி, வேறு நினைவாக’ என்று இருந்தது. ‘கவனமில்லாமல் சொன்னால், அரசும் சுதந்திரமும் நல்லவையே’ என்று எழுதினேன். படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு நாவலில் ஒருவர் இதே சொல்லோடு தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். அங்கே அது பொருந்தியது. எங்கே தவறுகிறேன்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சிரிப்பு வந்ததும் நிறுத்தினீர்களே, நல்லது. பலர் நிறுத்துவதில்லை.

லத்தீனில் ‘அப்ஸ்’ என்றால் அப்பால், ‘ட்ரஹெரே’ என்றால் இழுப்பது. வயலில் கலப்பையை இழுக்கும் டிராக்டரும் இந்த வேரில் வந்ததுதான். ஆகவே இந்தச் சொல்லைக் கண்டதும், எது எதிலிருந்து இழுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தேநீர் கலக்குபவரின் மனம் கோப்பையை விட்டு எங்கோ போய்விட்டது. அதற்கு நம்மிடம் ‘ஏதோ நினைப்பில்’ இருக்கிறது. நேற்று நான் ஏதோ நினைப்பில் பால் பாக்கெட்டைப் புத்தக அலமாரியில் வைத்துவிட்டு, அகராதியோடு சமையலறையில் நின்றேன்.

பர்க் விஷயம் வேறு. 1790இல், பிரெஞ்சுப் புரட்சி நடந்த மறு வருடம் எழுதுகிறார். அவர் மனம் எங்கும் போகவில்லை, கோபத்தோடு அங்கேயே இருக்கிறது. ‘சுதந்திரம்’ என்ற கருத்தைத்தான் நாடு, காலம், ஆள் எல்லாவற்றிலிருந்தும் பிய்த்துத் தனியே வைக்கிறார். அப்படி வைத்தால் நல்லதுதான், சரி. ஆனால் கொலைகாரன் சிறையை உடைத்துத் தப்பினால், சுதந்திரம் கிடைத்ததென்று அவனை வாழ்த்துவேனா என்று அடுத்துக் கேட்கிறார். சூழலைப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்லாதே என்பது அவர் வாதம். அந்த ஒரு சொல்லை விட்டால் வாதமே விழுந்துவிடும்.

இன்று ஆங்கிலத்தில் இந்தப் பொருளுக்குப் பெரும்பாலும் ‘அப்ஸ்ட்ராக்ட்லி’ (abstractly) என்றே எழுதுகிறார்கள். நீளமான சொல்லுக்கு மறதிக்காரர்கள்தான் மிச்சம். அதனால்தான் அகராதியில் உங்கள் கண்ணில் அந்தப் பொருள் முதலில் பட்டது.

இதே இழுப்புக்குத் திருட்டு என்றும் பொருள் உண்டு. இங்கிலாந்தின் 1968ஆம் வருடத் திருட்டுச் சட்டத்தில் 13ஆம் பிரிவின் தலைப்பு, சொல்லுக்குச் சொல் பார்த்தால், மின்சாரத்தை ‘அப்ஸ்ட்ராக்ட்’ செய்தல். நம்மூரில் கொக்கி போடுவது!

உங்கள் வாக்கியத்துக்கு ‘பொத்தாம்பொதுவாக’ என்று எழுதத் தோன்றும். வேண்டாம், அதில் அலட்சியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அருவமாக’ என்றால் பேய்க்கதை. ‘சூழலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அரசும் நல்லது, சுதந்திரமும் நல்லது’ என்று எழுதுங்கள். இரண்டு சொல்லுக்கு மூன்று சொல் ஆகிறது, ஆகட்டும். தேநீர்க்காரரை அப்படியே விட்டுவிடுங்கள்.