மோதலில் சிக்கிய டேங்கரா? தம்பியை அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். ஜி.பி. ரேட்டிங் (கடைநிலை மாலுமிப் பயிற்சி) படிப்பு முடித்த என் தம்பிக்கு ஒரு எண்ணெய் டேங்கரில் வேலை வந்திருக்கிறது. பெயரை இணையத்தில் தேடினால், அந்தப் பெயருள்ள டேங்கர் சில வருடங்களுக்கு முன் இன்னொரு கப்பலோடு மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியதாகச் செய்தி வருகிறது. "அது வேறு கப்பல்" என்கிறார் ஏஜென்ட். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. 2 லட்சம் ரூபாயை இந்த வாரமே கட்டச் சொல்கிறார்கள். உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சகோதரி, ஏஜென்ட் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஒரே பெயரில் நாலைந்து கப்பல்கள் ஓடுவது சகஜம். விற்றவுடன் பெயரை மாற்றுவதும் சகஜம். அதனால் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணைக் கேளுங்கள். கப்பல் கட்டும்போது கொடுக்கப்படும் ஏழு இலக்க எண் அது. உடைக்கும் வரை மாறாது.

எக்ஸான் வால்டெஸ் கதை உங்களுக்கு உதவும். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் பாறையில் ஏறி, சுமார் 37,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டிய டேங்கர் அது. அதன் பிறகு பல தடவை பெயர் மாறியது. தாதுப்பொருள் ஏற்றும் கப்பலாக மாற்றினார்கள். டாங் ஃபாங் ஓஷன் என்ற பெயரில் ஓடியபோது, 2010 நவம்பரில் தென்சீனக் கடலில் இன்னொரு சரக்குக் கப்பலோடு மோதியது. 2012இல் ஓரியண்டல் நைஸிட்டி என்ற பெயரில் உடைபட வந்து சேர்ந்த இடம் நம் குஜராத்தின் அலங். இத்தனைக்கும் நடுவில் 8414520 என்ற எண் மட்டும் அப்படியே இருந்தது.

ஏஜென்ட் தரும் எண் ஒழுங்கானதுதானா என்று நீங்களே கூட்டிப் பார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்க வேண்டும். மேலே உள்ள எண்ணுக்கு 56, 24, 5, 16, 15, 4 வரும். கூட்டினால் 120. அதன் கடைசி இலக்கம் 0, கப்பல் எண்ணின் ஏழாவது இலக்கமும் 0. இப்படிப் பொருந்தாவிட்டால் அது ஐ.எம்.ஓ. எண்ணே இல்லை. கேட்வேயிலிருந்து எலிபண்டா போகும் படகில் ஏறினால் ஜவஹர் தீவு ஜெட்டியில் டேங்கர்கள் நிற்பதைப் பார்க்கலாம். பின்புறம் தெரியும்படி நிற்கிற கப்பலில், பெயருக்கும் பதிவு செய்த ஊரின் பெயருக்கும் பக்கத்திலேயே பெரும்பாலும் இந்த எண்ணும் எழுதியிருக்கும்.

எண் கைக்கு வந்ததும் ஈக்வாசிஸ் என்ற தளத்தில் இலவசமாகக் கணக்குத் திறந்து தேடுங்கள். முதலாளி யார், கப்பலை நடத்தும் கம்பெனி எது, எந்த நாட்டுக் கொடி, எந்த கிளாஸ் சொசைட்டி (கப்பலின் கட்டுமானத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு), பழைய பெயர்கள் என்னென்ன என்று எல்லாம் வரும். துறைமுக அதிகாரிகள் சோதனை செய்த தேதிகளும், குறை கண்டு பிடித்து நிறுத்தி வைத்த விவரமும் இருக்கும். அந்தச் சோதனைப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். கப்பல் எந்தெந்த ஊருக்குப் போய் வந்தது என்பதும் அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். வருடக்கணக்கில் எங்கும் சோதனையே இல்லை, கொடி மட்டும் அடிக்கடி மாறுகிறது, வயது 20 தாண்டிவிட்டது என்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கப்பல்கள்தான் தடை விதிக்கப்பட்ட எண்ணெயை ஏற்றிக்கொண்டு, இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு ஓடுகின்றன. மோதல் நேர்ந்தால் அவற்றின் காப்பீடு செல்லுமா என்பதே சந்தேகம்.

சரி, அதே கப்பல்தான் என்று தெரிந்தால்? பழைய மோதல் ஒன்றுக்காக மட்டும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற டேங்கரும் மோதின. ஒன்று சரக்கை இறக்கிவிட்டு வெளியே போனது, மற்றது உள்ளே வந்தது. கொட்டியது டேங்கர் ஏற்றி வந்த சரக்கு அல்ல, கப்பல் ஓடுவதற்கான கனரக எரிபொருள். கசிவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் மாணவர்களும் தார் மாதிரி ஒட்டிய சகதியை வாளி வாளியாக அள்ளினார்கள். அந்தப் படங்களை இப்போது பார்த்தாலும் எனக்கு மனசு ஆறாது. நம் மும்பையில் 2010 ஆகஸ்டில் எம்.எஸ்.சி. சித்ராவும் கலீஜியா 3உம் மோதி எண்ணெய் கொட்டியது. சித்ரா டேங்கரே இல்லை, கன்டெய்னர் கப்பல். ஆகவே டேங்கர் என்றாலே ஆபத்து, மற்றது பத்திரம் என்று பிரிக்க முடியாது.

நசுங்கிய தகட்டை வெட்டி மாற்றிவிடலாம், அதை கிளாஸ் சர்வேயர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். விழித்துக் காவல் பார்க்கிற ஆள் போதாமல் ஓட்டுகிற கம்பெனியின் பழக்கத்தைத்தான் மாற்ற முடியாது. மோதல் நடந்தபோது நடத்திய கம்பெனியே இன்றும் நடத்துகிறதா, அதற்குப் பிறகு கப்பல் எங்காவது நிறுத்தி வைக்கப்பட்டதா என்று பாருங்கள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், மோதலை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கடிதத்தில் உள்ள பண விஷயம். எதற்கு அந்த 2 லட்சம்? கப்பலில் வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. சர்வதேச உடன்படிக்கையும் சொல்கிறது, நம் நாட்டின் 2016ஆம் வருட விதிகளும் சொல்கின்றன. பாஸ்போர்ட், சி.டி.சி. (மாலுமிக்கு அரசு தரும் பணிப் புத்தகம்), மருத்துவச் சான்றிதழ் இவற்றின் செலவுதான் தம்பியுடையது. விசா செலவுகூட முதலாளியைச் சேர்ந்தது. ஆகவே ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த ஏஜென்டிடம், மாலுமிகளை வேலைக்குச் சேர்க்க அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் உள்ள பட்டியலில் தேடுங்கள். பக்கத்து ஆபீஸின் உரிம எண்ணைத் தன்னுடையது என்று காட்டுகிற ஆட்களும் உண்டு, முகவரியையும் ஒத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் குர்லாவில் ரயில் மாறி காஞ்சூர்மார்க்கில் இறங்குங்கள், இயக்குநரக அலுவலகம் அங்கேதான். பணம் கேட்டதற்கு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காமல் கொண்டு போங்கள்.

உரிமமில்லாத ஆள் மூலம் ஏறியவர்கள்தான் பல நேரம் நடுக்கடலில் சம்பளமில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். 2024இல் உலகம் முழுக்க முதலாளிகள் கைவிட்ட கப்பல்களில் தவித்த மாலுமிகளில் இந்தியர்களே அதிகம். முதலாளி கைவிட்டால் ஊர் திரும்பும் செலவையும் நாலு மாதச் சம்பளம் வரைக்கும் கொடுக்கிற காப்பீட்டுச் சான்றிதழ் ஒன்றைக் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். 2017இலிருந்து இது கட்டாயம். எல்லாம் சரியாக இருந்து தம்பி ஏறினால், முதல் நாளே அதைத் தேடிப் பார்த்து, காலாவதி தேதி தெரியும்படி படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.