கேம்ப்பை இடிக்கப்போகிறார்கள், பட்டியலில் அம்மா பெயர் இல்லை: என் பதில்

நீங்கள் குடியிருக்கும் குடிசைப்பகுதியான கேம்ப்பை இடிக்கப்போகிறார்கள், அம்மா தெற்கு டெல்லி ஜங்புராவில் வீட்டுவேலை செய்கிறார், மாற்று வீட்டுக்கான தகுதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, பெயர் இருந்தாலும் டெல்லியின் வடக்கு ஓரத்து நரேலாவில்தான் வீடு என்று எழுதியிருந்தீர்கள். முதலில் பெயர் விஷயம், தூரம் அப்புறம்.

டெல்லியின் 2015 மறுவாழ்வுக் கொள்கைப்படி 2012 முதல் 2015 தொடக்கம் வரையிலான ஏதாவது ஒரு வாக்காளர் பட்டியலிலும், கணக்கெடுப்பு நடந்த வருடத்துப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும், கூடவே 1.1.2015-க்கு முன் வாங்கிய ரேஷன் கார்டு, கரண்ட் பில், போட்டோ ஒட்டிய பாஸ்புக் மாதிரி ஒன்று. இங்கே நம் தமிழர்களுக்கு வரும் தலைவலி பெயரை எழுதும் விதம்தான். முருகேஸ்வரி இந்தியில் ஒரு தாளில் முர்கேஷ்வரி, இன்னொன்றில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு வேறொரு ஆளாகவே நிற்பார். எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மேல்முறையீட்டை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இனி தூரம். அதே கொள்கை, இருக்கும் இடத்திலேயே அல்லது 5 கிலோமீட்டருக்குள் வீடு என்கிறது. விதிவிலக்கான சூழலில் மட்டும் டெல்லி நகர்ப்புறக் குடிசை மேம்பாட்டு வாரியத்தின் (DUSIB) முன் அனுமதியோடு அதைத் தாண்டலாம். அந்த அனுமதியின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பெண்களுக்கு பஸ் இலவசம்தானே என்பார்கள், காலை ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்க நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது? 2025 ஜூனில் ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப்பை இடித்தபோதும் தகுதி பெற்றவர்களுக்கு நரேலாவில்தான் வீடு கொடுத்தார்கள்.

வக்கீலுக்குக் காசு தேட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள்.